ராஜபாண்டியின் ஜெர்மன் காசுகள்

மாடிப்படி ஏறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று ராக்கம்மாள் இரண்டு தடவை நின்றாள். மாப்பிள்ளை, பெண் வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்கிற துப்பறியும் ஆபீஸ் அது. அங்கே போய், செத்துப்போன தம்பியைப் பற்றி எப்படிக் கேட்பது? ஆனால் கையிலிருந்த துணிப்பை கனத்தது. 2009 பிப்ரவரி. ராஜபாண்டி போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஆபீஸை நடத்துகிற தெய்வாத்தாள் இருந்தாள். அவசரமே தெரியாத முகம். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக அவள் கணவர் வேலுமணி. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மனைவிக்கே உதவியாளராகச் சேர்ந்தவர். ஆள் வந்தாலே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

ராக்கம்மாள் பையை அவிழ்த்தாள். நாற்பத்தோரு வெளிநாட்டு நாணயங்கள்.

"நான் இங்க பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்மா. ஊர்ல இருந்த நிலத்த வித்து 2006ல தம்பிய ஜெர்மனிக்கு அனுப்பினேன். துணிக் கம்பெனி வேலை. போன நவம்பர்ல இருமிக்கிட்டே திரும்பி வந்தான். ரெண்டே மாசம். 'யக்கா, இத நீ வச்சுக்கோ'ன்னு குடுத்துட்டுப் போயிட்டான். கடைக்காரர் ஒருத்தர் விலைக்குக் கேக்குறாரு. ஊர்ல எங்கம்மா கோயில் உண்டியல்ல போடுங்குது. எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல. அவன் வேலை பார்த்த கம்பெனியக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன் அங்க எப்படி இருந்தான்னு கூட இருந்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிருதேன்."

தெய்வாத்தாள் நாணயங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "போன்ல பேசுவாருங்களா?"

"ஞாயித்துக்கிழமை தோறும். வீட்டுக்காரம்மா போனுக்கு வரும். ஒரு நிமிசத்துல கட்டாயிரும். ஒருநா பேசிக்கிட்டு இருக்கையில கரண்ட் போயிருச்சு. 'இங்கயும் போயிருச்சு யக்கா'ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"உடம்புல ஏதாச்சும் அடையாளம்?"

"நகமெல்லாம் நீலம். 'மிசின் மசி'ன்னான். கடைசியா குளிப்பாட்டுறப்பக்கூட அது போகல."

தெய்வாத்தாள் தம்பியின் போட்டோவை வாங்கி வேலுமணியிடம் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து ராக்கம்மாளை வரச் சொன்னாள்.

அன்றைக்கு தெய்வாத்தாள் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

"அம்மிணி, இது அத்தனையும் மார்க், ஜெர்மனியோட பழைய காசு. 2002லயே ஜெர்மனி யூரோவுக்கு மாறிப்போச்சு. 2006ல போனவர் பையில ஒரு யூரோகூட இல்லீங்க."

"பழைய காசு சேர்க்கிற பழக்கம்னு நான் சொன்னேனுங்க," என்றார் வேலுமணி.

"சேர்க்கிறவர் புதுக்காசையும் ஒண்ணு வெச்சிருப்பாருங்க. ஒரு நிமிசத்துல கட்டாகிறது நம்ம ஊர் ஒரு ரூபாய் பெட்டி போன். உங்க ஊட்ல கரண்ட் போன அதே நொடியில அங்கயும் போச்சுன்னா, ரெண்டும் ஒரே கரண்ட் லைன். அப்ப அவர் உங்களுக்குப் பக்கத்துலதான் இருந்திருக்கணும். நகத்துல ஊறின நீலம் சாயமுங்க."

ராக்கம்மாளுக்குப் புரிந்தது. ஆனாலும் "பக்கத்துலயா?" என்று கேட்டாள்.

"இவர் போட்டோவோட சாயப்பட்டறை சாயப்பட்டறையா ஏறி எறங்கினாரு. அவர் வேலை பார்த்த பட்டறை இதே ஊர்ல, அருள்புரத்துலயே இருக்குதுங்க. ஜெர்மனிக்கு அனுப்பறதாச் சொன்ன ஏஜென்ட் மும்பையிலயே ஏமாத்திட்டு ஓடிட்டான். நிலத்த வித்துக் குடுத்த அக்கா முன்னால நிக்க அவருக்கு முகமில்லைங்க."

அன்று சாயங்காலமே மூவரும் அங்கே போனார்கள். மேனேஜர் சுப்பண்ணன், ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அவள் காசுப் பையைத் திறந்து காட்டினாள். "மொதலாளி எப்பவோ ஜெர்மனிக்கு எக்ஸிபிஷன் போனப்ப கொண்டாந்த சில்லறைங்க. டிராயரைச் சுத்தம் பண்றப்போ கேட்டு வாங்கிட்டான். நெஞ்சுக்கு முடியாம வேலைய விட்டு நின்ன அன்னைக்குங்க."

அவர் வாசல் பக்கம் கை காட்டினார். "தெனம் காலையில எட்டு மணிக்கு அந்தக் கேட்டுக்கு உள்ளார வந்து நிப்பானுங்க. உங்க கம்பெனி வேன் இந்த வழியாத்தான போகும். 'மூணாவது ஜன்னல்ல எங்கக்கா'ன்னு சொல்லுவான். வேன் போனப்புறந்தான் டீ குடிப்பான்."

ராக்கம்மாள் கேட்டைப் பார்த்தாள். மூன்று வருஷம் தினமும் அந்த வழியே போயிருக்கிறாள். வேனில் ஏறி உட்கார்ந்ததுமே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஒருநாள்கூட அந்தப் பக்கம் பார்த்ததில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலுமணி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நாணயங்களை அம்மா சீனியம்மாளின் மடியில் கொட்டினாள். "உண்டியல்ல போட வேண்டாம்மா. நீயே வச்சுக்கோ."

சீனியம்மாள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "அந்த ஊர்ல பனி கொட்டுமாமே. தம்பி உன்கிட்டச் சொன்னானா?"

ராக்கம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னான்மா. முழங்கால் வரைக்கும் கெடக்குமாம். வெள்ளைக்காரப் பயலுகளோட சேர்ந்து அள்ளி எறிஞ்சு வெளையாடுவானாம்."

"சந்தோசமாத்தான் இருந்திருக்கான்," என்றாள் அம்மா.

"ஆமாம்மா," என்றாள் ராக்கம்மாள்.