எட்டு மில்லிமீட்டர் இடைவெளி

பெரகல சந்தியில், தன் லவுட்ஸ்பீக்கர் கடைக்குள், கழுத்தில் சுற்றிய மப்ளரோடு, ஆம்ப்ளிஃபயரின் குமிழைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தார் சண்முகராஜா.

1996, ஆகஸ்ட். காலை பத்து மணி.

முதலில் பார்த்துக் கத்தியவன் அவருடைய மனைவியின் தம்பி கிரிஷாந்தன். கரண்ட் பிடித்த உடம்பு என்று கூட்டம் பத்தடி தள்ளி நின்று அழுதது. பாசம் இருந்தது... தைரியம்தான் இல்லை.

சார்ஜன்ட் மொஹிதீன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்னால் எழுதியிருந்த, அதைச் செய்தவனின் பெயரைப் படித்தார். தனேஸ்வரன்.

எதிரே ரேடியோ ரிப்பேர் கடை. தோட்டத்துக் கோயில்களுக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுப்பவன். சர்க்யூட் போர்டைக்கூடத் தானே வரைந்து செய்பவன்.

கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! மொஹிதீனின் இருபது வருட சர்வீஸில் யாரும் இவ்வளவு ஒத்துழைத்ததில்லை.

பத்தே நிமிடம். தனேஸ்வரனும் ஜீப்பில். பெட்டியும் ஜீப்பில்.

ஸ்டேஷனில் தனேஸ்வரன் ஒன்றே ஒன்று கேட்டான். பெட்டியைத் தன் கண் முன்னால் திறக்க வேண்டும்.

திறந்தார்கள்.

மெயின்ஸ் கரண்ட் ஓடும் கோடுகளைப் போர்டின் ஒரு மூலையில் ஒதுக்கி, மற்றக் கோடுகளிலிருந்து எட்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்திருப்பதாக விளக்கினான். இரும்புப் பெட்டியை எர்த் வயரோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தானாம். தப்பித் தவறிப் பெட்டியில் கரண்ட் பட்டாலும் பியூஸ்தான் போகும், ஆள் போகமாட்டான்.

இப்போது எர்த் வயர் வெட்டப்பட்டிருந்தது. மெயின்ஸ் மூலையிலிருந்து பெட்டிக்கு ஒரு புதுக் கம்பி. அதன் மேல் காக்கா எச்சம் போல ஒரு சோல்டர் உருண்டை.

"இது நான் வச்ச சோல்டர் இல்லீங்க சார்."

"மாட்டுறவன் எல்லாம் இதத்தான் சொல்றான்."

மொஹிதீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாட்சி சொல்ல வந்தான் கிரிஷாந்தன். ஏழு மணி பஸ்ஸில் அப்புத்தளைக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்பியதற்குக் கண்டக்டரே சாட்சி என்றான். இறங்கும்போது கடையில் பாட்டு கேட்டதாம். திடீரென்று மச்சானின் அலறல். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தானாம்.

தனேஸ்வரன் நிமிர்ந்தான்.

"பாட்டு கேட்டுச்சா?"

"சந்தி பூரா கேட்டுச்சு."

"எட்டு மணிக்கே லைன்ல மரம் விழுந்து சந்தியில கரண்ட் இல்லையே... சார், நீங்க என்னையப் பிடிக்க வந்தப்ப நான் சோல்டரிங் அயனைக் கரியடுப்புல சுட வச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தீங்கதானே?"

மொஹிதீன் பார்த்திருந்தார். தேத்தண்ணிக்கு அடுப்பு என்று நினைத்திருந்தார்.

உடல் கிடந்த ஆஸ்பத்திரிக்கு போன் பறந்தது. யாரும் தொடத் துணியாத மப்ளரை டாக்டர் அவிழ்த்தார். கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம். உயிர் போய்ப் பல மணி நேரமாகிவிட்டது என்றார்.

கிரிஷாந்தன் அரை மணி நேரம்தான் தாங்கினான்.

மூன்று வருடமாக மச்சானிடம் வேலை கற்றவன். 'நீ இந்த வேலைக்கு லாயக்கில்லை, நாளைக்கு வராதே, தனேஸ்வரனைக் கூட்டாளியாகச் சேர்க்கப் போகிறேன்' என்று அவர் முந்திய நாள் சொல்லிவிட்டார். அன்று மாலையே பெட்டியைத் திறந்து கம்பியை வைத்தான். மச்சான் சாவார், தனேஸ்வரன் உள்ளே போவான்.

காலை ஆறரைக்கு, இவன் மறைந்து நின்று பார்க்க, சண்முகராஜா குமிழைத் திருப்பினார். பாட்டு அருமையாக வந்தது. மச்சானும் கூடவே பாடினார்.

வேறு வழியில்லாமல் கயிற்றை எடுத்தானாம். தடத்தை மப்ளரால் மறைத்து, குமிழைக் கையில் கொடுத்து, கடைக் கதவைச் சாத்திவிட்டு ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தானாம்.

சொல்லி முடித்து விம்மினான். தனேஸ்வரன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கிரிஷாந்தனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"அண்ணே... கம்பியச் சரியாத்தானே வச்சேன். ஏன் கரண்ட் அடிக்கல?"

தனேஸ்வரன் போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். அந்தச் சோல்டர் உருண்டை உட்கார்ந்திருந்த கோட்டை விரலால் தொடர்ந்து போனான்.

"கரண்ட் வர்ற லைவ் கோடு அந்தப் பக்கம் தம்பி. நீ நியூட்ரல்ல வச்சிருக்க. இது யாரையும் அடிக்காது."

மொஹிதீன் கைவிலங்கைப் பூட்டினார்.

"அப்ப மனுசன் உன்னய வேலைய விட்டு நிப்பாட்டினது நியாயந்தான்!"