புதுத் தீவு எங்கே?

செவ்வாய்க் கிரகத்தில் மாலை ஆறு மணியானால் ஊரே கண்ணை மூடிக்கொண்டு நடக்கும். கூண்டு நகரத்தின் நீண்ட நடைக்கூடங்களில் ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கான உடல்கள் கையை வீசி, ஒன்றையொன்று இடிக்காமல், வாய் லேசாகப் பிளந்தபடி வட்டமடித்துக்கொண்டிருக்கும். உடல்கள்தான்; அவற்றுக்குள் ஆட்கள் இல்லை. அந்தக் கிரகத்தின் குறைந்த ஈர்ப்பில் நடக்காமல் கிடந்தால் எலும்பு உளுத்துப்போகும் என்பதால் தினமும் இரண்டு மணி நேர நடை சட்டப்படி கட்டாயம். சட்டத்தையும் மீறக்கூடாது, பொழுதையும் வீணாக்கக்கூடாது. இரண்டுக்கும் சேர்த்துக் கண்டுபிடித்ததுதான் செவிமணி.

இடது காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த உளுந்தளவு மணி அது. ஒருமுறை அழுத்தினால் உடம்பைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு நடத்திப்போகும். மனத்தை மட்டும் கழற்றி அலைவெளிக்குள் அனுப்பிவைக்கும்.

அலைவெளி என்பது ஒரு விளையாட்டு. கரை காணாத கடல், கடல் முழுக்கத் தீவுகள், தீவுக்குத் தீவு புதையலோ பூதமோ போரோ காத்திருக்கும். சொட்டுக் கடலும் இல்லாத செம்மண் கிரகத்தில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூட்டை கட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் புதுத் தீவு முளைக்கும். அன்றைக்கு அலுவலகங்களுக்கு விடுமுறை. அதற்குத் 'தீவு லீவு' என்றே பெயர். பிறகு மாதத்துக்கு ஒன்று என்றானது. பிறகு ஆண்டுக்கு ஒன்று. கடைசியாக வந்த தீவைப் பார்த்து ஊரே வயிறெரிந்தது. அது பழைய எரிமலைத் தீவுதான். எரிமலைக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள்.

காற்று ஆலையில் மேற்பார்வை பார்க்கும் நாச்சியாருக்கு அந்த நீலத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அலைவெளியில் அவள் 'மீன்கொத்தி' என்ற கப்பலின் தலைவி. இருபது வருடத் தலைமை. ஒரு காலத்தில் கப்பல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். தீவுகள் குறையக் குறைய ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் சுக்கான் பிடிக்கும் சந்தியாகு ஒருவன்தான். அவனும் அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டான்.

"அக்கா, இந்த மாசத்தோட நானும் எறங்கிக்கிடுதேன்."

"என்னலே சொல்லுத?"

"வேற என்னத்தச் செய்ய? அந்தப் பூதத்த எத்தன தடவதான் கொல்ல? நான் வாளை உருவுததுக்கு முன்னாடியே அது செத்து விழுந்துருது. அதுக்கே அலுத்துப்போச்சுக்கா."

நாச்சியாருக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டில் அவளோடு பேசுவது தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், அதுவும் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கு. சந்தியாகுவும் போய்விட்டால், ஒரு நாளில் தன்னை 'அக்கா' என்று கூப்பிட ஒரு குரல் இருக்காது. அதை நினைத்ததும் அவளுக்குப் பயமாகவே இருந்தது. பயம் வந்தால் நாச்சியாருக்குக் கோபம் வரும்.

"நீ எறங்க வேண்டாம்லே. எறங்க வேண்டியவன் எவன்னு நான் காட்டுதேன்."

முதலில் முறையாகத்தான், அலைவெளியை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விரைவில்!' என்று பதில் வந்தது. அடுத்த புகாருக்கும் அதே நன்றி, அதே விரைவில். பிறகு அவளும் மற்றக் கப்பல்காரர்களும் அலைவெளியிலேயே கப்பல்களைத் துறைமுகத்தில் திரட்டி, நங்கூரம் போட்டுக் கூச்சலிட்டார்கள். நிறுவனம் ஒரு புயலைக் கிளப்பிவிட்டது. கப்பல்கள் திசைக்கொன்றாகச் சிதறிப்போயின. ஆனால், புயல் புதிதாக இருந்ததென்று சிலர் ரசித்துவிட்டார்கள். நாச்சியாருக்கு அதுதான் தாங்கவில்லை.

"உள்ள நின்னு கத்துனா உள்ளயே அமுக்கிப்போடுவான்," என்று எல்லாக் கப்பல்களுக்கும் செய்தி விட்டாள். "நாளைக்கு ஆறு மணிக்கு ஒருத்தரும் மணியை அமுக்காதீங்க. நம்ம கால்ல நாமளே நடந்து அவன் வாசலுக்குப் போவோம்!"

மறுநாள் மாலை செவ்வாயின் சரித்திரத்தில் நடக்காதது நடந்தது. நடைக்கூடங்களில் மனிதர்கள் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார்கள்.

பெரும்பாடாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டார்கள். முழங்கால் வலித்தது, இத்தனை காலம் அந்த வலியை மணி வாங்கிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சுவரின் நிறம் மஞ்சள் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. நாச்சியார் ஒரு வளைவில் குட்டையான, வழுக்கைத்தலை ஆள் ஒருவன்மேல் நன்றாக மோதினாள்.

"கண்ணு எங்கவே இருக்கு?" என்று சீறினாள்.

அந்த ஆள் நெற்றியைத் தடவிக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தான். "இந்தக் குரலு... மீன்கொத்தி அக்காவா?"

ஆறடி உயரமும் இடுப்புவரை தாடியுமாக அலைவெளியில் அவளுக்குச் சுக்கான் பிடித்த வீரன் அவள் தோளுயரம்தான் இருந்தான். வீடு எங்கே என்று கேட்டாள். அவள் கூடத்துக்கு அடுத்த கூடம். இருபது வருடமாக இரண்டு பேரின் உடல்களும் தினமும் ஒரே வட்டத்தில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. சந்தியாகுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாச்சியாருக்கு அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போனாள்.

நிறுவனத்தின் முற்றம் நிரம்பி வழிந்தது. மூடிய இரும்புக் கதவைப் பார்த்து நாச்சியார் தொண்டை கிழியக் கத்தினாள்:

"சாயம் பூசி ஏய்க்காதே!"

"ஏய்க்காதே! ஏய்க்காதே!"

"புதுத் தீவு எங்கே?"

"எங்கே? எங்கே?"

நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு கை அகலம் திறந்தது. கையில் துடைப்பக் கம்போடு ஒருவர் எட்டிப் பார்த்தார். பெயர் ஞானதிரவியம், அந்த அலுவலகத்தின் மேலாளர், குமாஸ்தா, காவல்காரர் எல்லாம் அவர் ஒருவரே.

"எதுக்கு இப்படிக் கத்துதீங்க? தூசி தட்டக்கூட விடமாட்டேங்கீங்க!"

"தீவு எழுதுத ஆளுகள வெளிய வரச் சொல்லும்," என்றாள் நாச்சியார்.

"ஆளா? எந்த ஆளு? முன்னூறு பேர் இருந்தாங்க, எங்க தாத்தா காலத்துல. மிஷினு வந்ததும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இப்ப தீவு கட்டுதது அதுதான். நான் அதுக்குத் தூசி தட்டுதேன்."

"அப்ப அந்த மிஷினுக்கு என்ன கேடு? தூங்குதா?"

ஞானதிரவியம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். இந்தக் கேள்விக்காகவே பல வருடங்கள் காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தது.

"அது தூங்கல, பட்டினி கெடக்கு. சும்மா ஆகாசத்துலருந்தா தீவு செய்யும்? உங்க செவிமணி வழியா உங்க அன்னாட வாழ்க்கையைப் படிச்சு, அதுலருந்துதான் செய்யுது. மணி பதிக்கும்போது 'சம்மதம்'னு அமுக்குனீங்கல்லா, அதுல எல்லாம் எழுதியிருக்கு. அந்தக் காலத்துல உங்க அப்பா அம்மா எல்லாம் சண்டை போட்டாங்க, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணுனாங்க, பாறைக்கு நடுவுல வழி தெரியாம திரிஞ்சாங்க. வாரம் ஒரு தீவு வந்துச்சு. நீங்க என்ன செய்தீங்க? எந்திரிச்சீங்க, வேலைக்குப் போனீங்க, மணியை அமுக்குனீங்க. இதை வச்சு அது நீலச் சாயம் அடிச்சதே பெருசு!"

செவிமணி பின்பக்கம் பச்சையாக மினுங்கினால் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள் என்பதையும் அவரே சொன்னார். எல்லோரும் அடுத்தவர் காதை எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் பச்சை.

வேறு யாராவதாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாச்சியார் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏன்வே, எங்க வாழ்க்கை சப்புனு இருக்குன்னு எங்க மூஞ்சிக்கு நேராவே சொல்லுதீரா? எங்க பொழப்ப எங்களக் கேக்காம எடுத்து எங்களுக்கே விப்பீங்க, கடைசியில சரக்கு சரியில்லன்னு எங்களையே குத்தம் சொல்லுவீங்க? நாங்க போகமாட்டோம். தீவு வருத வரைக்கும் இந்த முற்றம்தான் எங்களுக்கு வீடு!"

அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நாள்கள் போயின. முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். செவ்வாயில் மீன் கிடையாது; தொட்டியில் வளர்த்த பாசியை வைத்து, தான் தின்றே அறியாத மீன் குழம்பைச் சந்தியாகு செய்தான். வாயில் வைக்க முடியவில்லை. நாச்சியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள். பாய் விரிக்கும் இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன. அந்தக் குடும்பங்களின் பெண்ணும் பையனும் மறுநாளே ஒரே பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் பாடினார், நிறுத்தச் சொன்ன பிறகும் பாடினார். சந்தியாகுவின் அம்மா இறந்துபோன கதையை நாச்சியார் அங்கேதான் முதல்முறையாகக் கேட்டாள். இருபது வருடத்தில் அதைக் கேட்கத் தோன்றாத தன்மேல் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் மனம் என்னவோ நிறைந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், குழம்பு கொதிக்கிற நேரத்தில், எல்லார் காதுக்குள்ளும் சங்கு ஊதியது. புதுத் தீவு!

"ஜெயிச்சிட்டோம்!" என்று நாச்சியார் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற சந்தியாகு அதற்குள் மணியை அமுக்கிவிட்டிருந்தான். கண்மூடிய உடம்பு திரும்பி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முற்றம் காலியானது. அடுப்பை அணைக்கவும் ஆளில்லாமல் நாச்சியாரே அணைத்தாள். பிறகு தானும் மணியை அமுக்கினாள். போராடி வாங்கிய தீவை அவள் பார்க்காமல் யார் பார்ப்பது?

தீவின் பெயர் 'முற்றம்'. நடுவில் மூடிய இரும்புக் கதவு. அதன்முன் பெருங்கூட்டம், அடுப்புகள், பாய்ச் சண்டை, பாடகர். கூட்டத்தின் தலையில் முந்தானையைச் செருகியபடி ஒரு நாச்சியார். அசல் நாச்சியாரைவிட ஒரு சாண் உயரம், குரலும் கணீரென்று இருந்தது. அவளோடு சேர்ந்து கத்தினால் கதவு ஒவ்வொரு விரற்கடையாகத் திறக்கும், அதுதான் ஆட்டம். ஊர் கொண்டாடியது. பத்தாண்டில் இப்படி ஒரு தீவு வந்ததில்லை என்றார்கள். இறங்கிப்போன பழைய கப்பலாட்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். சந்தியாகு இறங்கிப்போகிற பேச்சையே விட்டுவிட்டான். பொய்த் தாடியோடு, பொய் முற்றத்தில், பொய்க் கதவைப் பார்த்து நாளெல்லாம் கத்தினான். அடுத்த கூடத்தில் இருந்த அக்காவின் வீட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கவில்லை. நாச்சியாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவனாகத் தோன்றி வரட்டும் என்று வீம்பாக இருந்தாள்.

சில வாரங்கள் போனபின் ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. அவள் வீட்டுக் கதவை மனிதக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. திறந்தாள். சந்தியாகு நின்றான், கண்ணைத் திறந்துகொண்டு.

"வாடே, வா!" நாச்சியாருக்குத் தலைகால் புரியவில்லை. "உக்காரு, சாயா போடுதேன். ஒத்தக் குவளைதான் இருக்கு, நீ குடி, நான் கிண்ணத்துல குடிச்சுக்கிடுதேன்." தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். சந்தியாகு உள்ளே வரவில்லை. அவனுக்குப் பின்னால் நடைக்கூடம் முழுக்கக் கூட்டம். ஞானதிரவியம்கூடத் துடைப்பத்தோடு ஒரு ஓரமாக நின்றார்.

"என்னலே இது?"

சந்தியாகு தலையைச் சொறிந்தான். "அது ஒண்ணுமில்லக்கா. முற்றம் தீவு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க அதுல அதே ரெண்டு கோஷத்தையே போடுதீங்க. எல்லாருக்கும் அலுத்துப்போச்சு. மிஷினும் திரும்பப் பட்டினியாம், சார் சொல்லுதாரு."

"அதுக்கு?"

"நீங்க கோவப்பட்டாத்தான் நல்ல தீவா வருது. எதையாவது பிடிச்சுப் புதுசா ஒரு சண்டை இழுங்களேன்."

"வாரக்கணக்காச்சு! எப்பத்தான் செய்வீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "ஏமாத்தாதீங்க!" என்றான் இன்னொருவன்.

நாச்சியாரின் காது மடல் சூடேறியது. கூட்டத்தைப் பார்த்தாள். காதுக்குக் காது பச்சைப் புள்ளிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அவள் என்ன சொன்னாலும் அது அப்படியே மிஷினுக்குள் போகும். வாயை இறுக மூடிக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம். அவர்களைத் தோற்கடிக்க அந்த ஒரு வழிதான் இருந்தது. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சந்தியாகு அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மானங்கெட்டவங்களா!" என்று தொடங்கினாள் நாச்சியார். "நான் என்ன உங்களுக்குக் கூத்துக்காரியா? வீடு தேடி வந்தவன் சாயா குடிக்க வந்திருக்கான்னு நெனச்சேன்லே! உன் பாசிக் குழம்ப நாக்குல வைக்க முடியல, ஆனாலும் நீ செஞ்சேன்னு தின்னேன். இருபது வருசத்துல அந்தப் பத்து நாளுதான் நான் மனுசியா இருந்தேன். சங்கு ஊதுனதும் ஒருத்தனாவது திரும்பிப் பாத்தீங்களா? அடுப்ப அணைச்சது யாரு? ஒங்க சங்குல மண்ணு விழ!"

அதோடு நிற்கவில்லை. நடைக்கூடத்தில் இறங்கி, பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லியும் தெரியாதவர்களை முகத்துக்கு நேரே விரல் நீட்டியும் வெளுத்து வாங்கினாள். ஞானதிரவியத்தின் துடைப்பத்தைப் பிடுங்கிக் கூட்டத்தை வளைவுவரை விரட்டினாள். ஓடியவர்களின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சந்தியாகு முதுகில் இரண்டு அடி வாங்கியும் சிரித்துக்கொண்டே ஓடினான். மூச்சு வாங்க அவள் வீடு திரும்பியபோது தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகியிருந்தது. இனி ஜென்மத்துக்கும் அந்த மணியைத் தொடுவதில்லை என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சபதம் செய்தாள்.

அந்த வாரம் புதுத் தீவு, வெள்ளிக்கிழமைக்கு முன்பே வந்தது. முதல் ஆளாக உள்ளே நுழைந்தவள் நாச்சியார். தான் திட்டியது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?