சுவரோரத்து இடம்

நசுக்கிய மூட்டைப்பூச்சியிலிருந்து ரத்தம் வந்தது. விரலை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். புது ரத்தம். கணவன் செத்த அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. இந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை. கூடத்துத் தரையில் படுக்கும் அவள் உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. பட்டினி கிடந்த பூச்சி காய்ந்த உமி மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும். இது உப்பியிருந்தது.

கைபேசி அடித்தது. மகள்.

"கிளம்பிட்டோம்மா. பூச்சி போச்சா?"

"நீராவி அடிச்சிட்டிருக்கேன். கடையிலேர்ந்து மெஷின் எடுத்துட்டு வந்தேன்."

"குழந்தை மேல ஒரு தடிப்பு வந்தாலும் அப்பவே திரும்பிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"உங்கப்பா இருந்தப்ப இவ்வளவு பூச்சி கிடையாது."

"அவரைக் கண்டா அதுங்களுக்கும் பயம்தானே." மகள் சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை. பேரனை அவள் இன்னும் கையில் வாங்கியதில்லை.

சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். சூட்டின் நிதானம் தெரியும். மெஷின் முனையை மெத்தைத் தையலோரமாக, எறும்பு ஊர்வதுபோல் நகர்த்தினாள். அவசரப்பட்டால் பூச்சி சாகாது, சிதறும். ஈரப் பஞ்சின் நாற்றம் எழுந்தது. சூடு உள்ளே இறங்க இறங்க, அதற்கும் அடியிலிருந்து கணவனுடைய தலையெண்ணெய், வியர்வை. கதவுப் பக்கம் எப்போதும் அவன்தான் படுப்பான். சுவரோரம் அவள். அவனைத் தாண்டாமல் தண்ணீர் குடிக்கக்கூட எழ முடியாது. அவன் புரண்டு கட்டில் கிறீச்சிட்டால் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

மெஷின் நின்றது. விளக்கும் அணைந்தது. ஃபியூஸ் போயிருக்கும். சன்னலில் அந்தி மட்டும்.

பூச்சிகள் வெளியே வந்தன. தையலிலிருந்து. கட்டில் மூலையிலிருந்து. சுவர் விரிசலிலிருந்து. பின்வாங்கினாள். அறையில் சூடான உடம்பு அவளுடையதுதான்.

அவளிடம் வரவில்லை. மெத்தையில் ஊர்ந்தன. பிறகு மேலே. மெத்தைக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் ஏறி நின்றன. தோள். இடுப்பு. மடக்கிய முழங்கால். முகம் இருக்க வேண்டிய இடம் அவள் பக்கம்.

குடித்தன. உப்பின.

சுவரோரம் மட்டும் காலி.

வாசலில் கார் நின்றது.

"அம்மா! பூச்சி போச்சா?"

இல்லை என்றால் கார் திரும்பிவிடும்.

"போச்சு," என்றாள். கெட்டி விரிப்பை உதறிப் போட்டாள். சுவரோரம் படிந்தது. கதவுப் பக்கம் படியவில்லை.

மகள் இருட்டில் தடவிக்கொண்டு வந்தாள், தோளில் குழந்தை.

"கரண்ட் இல்லையா? இதென்ன மேடா இருக்கு, தலையணையா? குழந்தை உருளாம இருக்கவா?"

"ம்." கை நீட்டினாள். "குடு, நான் வச்சுக்கறேன்."

"இப்பதான் தூங்கினான். எழுப்பாதே."

மகள் மேட்டைத் தாண்டிக் குனிந்து, பேரனைச் சுவரோரம் கிடத்தினாள். பையை எடுக்க வெளியே போனாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

விரிப்புக்கு அடியில் அது புரண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது.