பதினெட்டு அடி

தெருவை அளந்து முடித்தபோது கணக்கில் பதினெட்டு அடி இடித்தது.

மணிக்கூண்டில் தொடங்கிப் பழைய அச்சகம் வரை இடப்பக்க வரிசையின் நீளத்தை நில அளவையாளரான அவள் மூன்று முறை அளந்துவிட்டாள். வீடுகளின் முகப்பை ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால் பதினெட்டு அடி குறைந்தது. இருபத்து நான்கு வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் பூனை நுழையக்கூடச் சந்து இல்லை. போதாததற்கு, அது அவளே குடியிருக்கும் தெரு. கடைசி வீடு அவளுடையது.

"சொந்தத் தெருவையே அளக்கத் தெரியலைன்னு வெளியில சொல்லிடாதீங்க மேடம், சிரிப்பாங்க," என்றார் டேப் பிடிக்கும் அண்ணன். பழைய வரைபடத்தை விரித்ததும் அவர் சிரிப்பு நின்றது. அதில் வரிசையின் நடுவே இன்னொரு வீடு இருந்தது. அகலம், பதினெட்டு அடி.

"அந்த வீடா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "கொள்ளைக் காய்ச்சல் வந்தப்போ, நோய் பரவிடும்னு தெருக்காரங்களே வெளியிலேர்ந்து பலகை அடிச்சு அடைச்சுட்டாங்களாம். புருஷன், பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க. ரெண்டு வாரம் உள்ளேர்ந்து சுவரைத் தட்டிட்டே இருந்தாங்களாம். அப்புறம் வீட்டை இடிச்சுட்டாங்க."

"சரி, அந்த இடம் எங்கே போச்சு?"

"அதைத்தானே நாமளும் தேடுறோம்!"

அன்றே புது வரைபடத்தை ஒப்படைத்தாக வேண்டும். அளவு இடித்தால் அவள் ஆபீசில் செய்வது ஒன்றுதான்: வித்தியாசத்தை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். ஓரிரண்டு அங்குலத்துக்குச் செய்கிற வேலை அது. அவள் பதினெட்டு அடிக்கும் செய்தாள். வீட்டுக்கு ஒன்பது அங்குலம். பிசிறே இல்லாமல் பொருந்தியது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் மனதை என்னவோ செய்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவள் தெருவுக்குள் நடந்து வந்தபோது, வரிசையின் தொடக்கத்தில் இருந்த தையல்கடை வீட்டின் சுவருக்குள்ளிருந்து மெல்ல ஒரு தட்டல் கேட்டது. அடுத்த வீட்டைத் தாண்டும்போது அங்கேயும் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலும் கேட்டது, ஈரச் சுண்ணாம்பும் காய்ச்சல் வியர்வையும் கலந்த ஒரு வாடை அவள் கூடவே நடந்து வந்தது. கடைசிப் பத்து வீடுகளை அவள் ஓடிக் கடந்தாள்.

கணவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"குட்டி எங்கேங்க?"

"ரூம்லதான். இவ்வளவு நேரமா யார்கிட்டயோ பேசிட்டிருக்கா. அப்படியே நீதான், வாய் ஓயுதா பாரு."

அறையில் மகள் இல்லை. கட்டில் இருந்தது. பள்ளிப்பை இருந்தது. சுவரையொட்டி நின்ற அலமாரி சுவரைவிட்டு விலகியிருந்தது. அலமாரி நகரவில்லை. சுவர்தான் நகர்ந்திருந்தது.

நடுவில் இருட்டு. ஒன்பது அங்குலம். அளக்கத் தேவையில்லை.

"குட்டி?"

"வயித்தை உள்ளே இழுத்துக்கோம்மா," என்றது உள்ளிருந்து மகளின் குரல். "அப்படித்தான் நுழையணும்."

கண் இருட்டுக்குப் பழகியது. ஒரு ஆண். ஒரு பெண். மூன்று பிள்ளைகள். பக்கவாட்டில், தட்டையாக. கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி அவள் மகள். ஆறு முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

பிறகு, நெஞ்சு சுவரில் உரச, ஒருவர் பின் ஒருவராக ஓரடி உள்ளே நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டார்கள்.