நட்சத்திரக் குறிக்குப் பொருந்தியது

பத்தொன்பது வர வேண்டும். இருபது வந்தது.

ஆஸிம் மடிக்கணினித் திரையில் மறுபடி எண்ணினான். தங்கை இஃப்ரா பெங்களூரில் வேலை பார்த்தது பத்தொன்பதே வாரம். வெள்ளிதோறும் அம்மாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள். தன் போன் நிறைந்துபோகிறதென்று, ஒரு முறை கேட்டதும் அம்மா அதை அழித்துவிடுவார். அவளைக் கொன்ற விபத்தில் நொறுங்கிய போனிலிருந்து கடைக்காரர் மீட்டுத் தந்த ஒன்பதாயிரம் ஒலிக்கோப்புகளுக்குள்தான் இனி அந்தக் குரல் இருந்தது. வேறு நகல் கிடையாது. நாளை அவளுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா. அதற்குள் அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்பதைத் தவிர அம்மா எதையும் கேட்கவில்லை.

கோட்டைமேட்டு வீட்டின் மாடியறை அஸர் தொழுகை தாண்டிய மாலை வெயிலில் வெந்துகொண்டிருக்க, கீழிருந்து நெய்யில் வறுபடும் முந்திரியின் வாசமும், அதற்கடியில் நீண்ட நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோன்ற புழுங்கிய வாடையும் படியேறி வந்தன. கணினியில் அவன் எழுதியது ஒரே தேடல் கட்டளை: ‘இஃப்ரா-*’. பெயருக்குப் பின் எட்டு இலக்கத் தேதி இருக்கும். நட்சத்திரத்தின் இடத்தில் எது இருந்தாலும் பொருந்தும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் பொருந்தும். இருபதாவது அப்படித்தான் இருந்தது. ‘இஃப்ரா-’. அப்புறம் வெறுமை.

“ஏங்கண்ணு, கெடைச்சுதா?” கீழிருந்து அம்மா தாஜுன்னிசா.

“இருங்கம்மா. ஒண்ணு சேத்தி வருது.”

“சேத்தி வந்தா நல்லதுதானே. இன்னொருக்கா கேட்டுக்கறேன்.”

எரிச்சலோடு நட்சத்திரத்தை எடுத்துவிட்டு எட்டுக் கேள்விக்குறிகள் போட்டான். ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைக் கட்டாயம் கேட்கும். வெற்றுப்பெயர் நுழைய முடியாது. அப்போதும் இருபதுதான் வந்தது. அந்தக் கோப்புக்கு இப்போது எட்டு எழுத்துகள் முளைத்திருந்தன. எட்டும் ‘ஆ’. எண்கள் மட்டும் என்று இறுக்கினான். எட்டும் எண்களாயின: இன்றைய தேதி. அவள் உயிரோடிருந்த மாதங்கள் மட்டும் என்றான். தேதி மாறியது. அவள் இறந்த நாள்.

மேசையில் ஓங்கிக் குத்தினான். ஹெட்போனை மாட்டி அதை ஓட்டினான். “அம்மா,” என்றது, ஓர் ஆணின் குரலில். பிறகு ஒரு குழந்தையின் குரலில். பிறகு ஆஸிமின் குரலிலேயே. “அம்மா.” இந்தத் தடவை ஏறக்குறைய இஃப்ரா.

பிடுங்கி எறிந்தான்.

“என்னடா உருட்டறே மேலெ? பொட்டியோட சண்டையா?”

அழித்துவிட வேண்டும். அழிக்கும் கட்டளையில் அவள் பெயரையும் அந்தத் தேதியையும் அடித்தான். கோப்புப் பெயரின் வால் எப்படி மாறினாலும் சிக்கட்டுமென்று கடைசியில் நட்சத்திரம். அவசரத்தில் நடுவே ஓர் இடைவெளி விழுந்ததை, எண்டரைத் தட்டிய பிறகே பார்த்தான். இடைவெளி விழுந்தால் நட்சத்திரம் தனி. தனி நட்சத்திரம் என்றால் எல்லாமே.

ஒன்பதாயிரமும் போயின. பத்தொன்பதும். திரை காலி.

“ஆஸிம்!” அம்மா சிரித்தார். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. “கெடைச்சுப்போச்சு கண்ணு! எறங்கி வா!”

படியில் பாதி இறங்கினான். நின்றான்.

அடுப்படிப் பாயில் அம்மா, கை நிறைய முந்திரியை நீட்டியபடி. எதிரே இஃப்ராவின் பச்சைத் துப்பட்டா. உயரம் பொருந்தியது. மெலிந்த மணிக்கட்டு பொருந்தியது. துப்பட்டாவுக்குள் முகம் வெறும் தோல்.

“மூக்குத்தி எங்கம்மணி?” என்றார் அம்மா.

தோல் நடுவில் மெல்ல மூக்காகப் புடைத்தது. அதன் இடப்பக்கம் ஒரு பொட்டு மின்னத் தொடங்கியது.