இந்த முறை அழுவது ஓட்டிஸ்

கைப்பிடி ஒரே ஒரு முறைதான் ஆட வேண்டும். மாதாமாதம் அப்படித்தான். துணை முதல்வர் கெஸ்லர் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடைவழியில் வருவார், ஒவ்வொரு வகுப்புக் கதவையும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார், பூட்டியிருந்தால் அடுத்த கதவுக்குப் போய்விடுவார். இன்று சாவிச் சத்தமே இல்லை. கைப்பிடி மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. வெளியே யாரோ அதைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த கோரின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவனாவது துப்பாக்கியோடு பள்ளிக்குள் புகுந்துவிட்டால் எப்படி ஒளிவது என்று பார்க்கும் ஒத்திகை இது. காலை இரண்டாம் பீரியட், வரலாறு. ஒலிபெருக்கி அறிவித்ததும் ஆசிரியர் ஹால்வர்சன் கதவைப் பூட்டி விளக்கை அணைத்தார். கோரின் கதவுக் கண்ணாடியின் மேல் கறுப்புத் தாளை ஒட்டினாள். இருட்டில் தரை மெழுகின் நெடியும், ஈரக் கோட்டுகளின் நாற்றமும், யாரோ திருட்டுத்தனமாகக் கொறித்த சீஸ் சிப்ஸின் வாசனையும், சுவரோரம் ஒடுங்கிய இருபத்திரண்டு பேரின் மூச்சும் ஒன்றாகக் கலந்து புழுங்கிக்கொண்டிருந்தன. சற்றுமுன் படிக்கட்டுப் பக்கம் ஒரு சாவிக்கொத்து தரையில் விழுந்த சத்தம் கேட்டிருந்தது. அதை யாரும் குனிந்து எடுத்ததாகத் தெரியவில்லை.

கைப்பிடி மறுபடி மேலே ஏறியது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

போன மாத ஒத்திகையில் கெஸ்லருக்கு ஒரு குறும்பு யோசனை வந்தது. நாடகக் குழுப் பெண் ஒருத்தியைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, உயிர் போகிற மாதிரி அழவிட்டார். யார் அழுதாலும் திறக்கக்கூடாது என்பதுதான் பாடம். கோரினுக்கு மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டாள். "இருபத்திரண்டு பேரும் செத்துட்டீங்க" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார் மனிதர். அன்றிலிருந்து உணவுக்கூடத்தில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலே, "கொலகாரி வர்றா, வழி விடுங்கடா" என்று ஒரு கூட்டம் கத்தும். ஒரு மாதமாக அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறாள்.

இன்று அழப்போவது யார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஓட்டிஸ், காலையில் சீரியலை வாய் நிறைய அடைத்துக்கொண்டு உளறிவிட்டான்.

"இன்னிக்கு நான்தான். கெஸ்லர் என்னத்தான் பொறுக்கியிருக்காரு. உன் கதவுக்குத்தான் மொதல்ல வருவேன் கோரி. தொறந்த, என் மானமே போயிடும், சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டு ஈ என்று இளித்தான். வெள்ளிக்கிழமை பந்தாட்டத்துக்காகப் பல் கம்பியில் பள்ளி நிறத்தில் ஆரஞ்சு ரப்பர் வளையங்கள் போட்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கதவில் இரண்டு தட்டு.

"கோரி? கோரி, கதவத் தொற."

பக்கத்தில் இருந்த டகோட்டா அவள் விலாவில் இடித்தாள். "உன் தம்பியாடி?"

"ஆமா. நடிக்கிறான்."

"இந்தத் தடவையும் தொறந்த, நானே உன்னக் கொன்னுடுவேன்."

இருட்டில் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"கோரி, வெளையாடல. கெஸ்லர் படிக்கட்டுல கெடக்காரு. அவரு மூஞ்சி... மூஞ்சியே இல்ல கோரி. அப்படிப் பண்ணது இங்கதான் எங்கயோ இருக்கு. தொற, ப்ளீஸ்..."

"பய பின்றான்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

கோரின் கதவில் காதை வைத்தாள். ஓட்டிஸ் இப்படி அழுது அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்கை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த அன்று. அந்த அழுகையில் நடிப்பு கிடையாது. அவள் பாதி எழுந்துவிட்டாள். ஹால்வர்சன் இருட்டில் விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினார். இருபத்தொரு முகங்கள் அவளைப் பார்த்தன.

அவள் உட்கார்ந்தாள்.

வெளியே அவன் பேச்சு பாதியில் நின்றது. பிறகு ஏதோ அவனைத் தூக்கிக் கதவில் அடித்தது. சட்டம் அதிர்ந்தது. மறுபடி. மறுபடி. நகங்கள் மரத்தில் மேலிருந்து கீழ்வரை கீறின. "கோ..." என்றான். மிச்சம் வரவில்லை. கரும்பு முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். இன்னொன்று. ஈரமாக ஏதோ கிழிந்தது.

அமைதி.

கதவடியில் ஏதோ கசிந்து வந்தது. இருட்டில் கறுப்பாக. டகோட்டா விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சோளப் பாகுடி. நாடகக் குழுவுல போலி ரத்தத்துக்கு வாளி வாளியா காய்ச்சுவாங்க. ஐயே, என் ஷூ!"

கோரின் உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். சூடு. பாகு சூடாக இருக்காது. விரலில் ஏதோ சிறியதாக, கெட்டியாக இடறியது. எடுத்துக் கைபேசித் திரையின் வெளிச்சத்தில் பார்த்தாள்.

பல். வேரோடு. அதில் ஒட்டியபடி கம்பித் துண்டு. ஆரஞ்சு வளையம்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"முடிஞ்சிடுச்சு கோரி!" வெளியே ஓட்டிஸின் குரல். உற்சாகமாக. துளி அழுகை இல்லாமல். "டிரில் முடிஞ்சிடுச்சு! நல்லா நடிச்சேனா?"

வகுப்பு மொத்தமும் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஹால்வர்சன்கூடச் சிரித்துக்கொண்டே போய் விளக்கைப் போட்டார். டகோட்டா துள்ளி எழுந்து, கறுப்புத் தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள். பூட்டில் கையை வைத்தபடி கோரினைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"பரவால்லடி, இந்தத் தடவ யாரையும் கொல்லல நீ."

கோரின் வேண்டாம் என்று தலையாட்டினாள். கைதட்டல் ஓயவில்லை. பல்லை நீட்டிக் காட்டினாள். யாரும் பார்க்கவில்லை.

அவள் மட்டும் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் ஓட்டிஸின் முகம் அப்பிக்கிடந்தது. கண்கள் திறந்திருந்தன, இமைக்கவில்லை. தாடை கழன்று மார்புவரை தொங்கியது. தலைக்குப் பின்னாலிருந்து நீண்ட விரல்கள் அவன் முடியைக் கொத்தாகப் பிடித்து, அவனைச் சரியான உயரத்தில் தூக்கி வைத்திருந்தன.

"நல்லா நடிச்சேனா கோரி?"

அவன் உதடு அசையவில்லை.

பூட்டு திறந்தது.