பின்சீற்றில் கறுவல்

காரின் பின்சீற்றில் தாராளமாக இடம் இருந்தும் நாய் கறுவல் எடித்தின் தொடையோடு ஒட்டிக்கொண்டு, மற்றக் கதவோரம் ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் படுத்திருந்தது.

அதன் முகத்தில் பெனடிக்ற் இடுப்பில் உடுத்த சாரம். கண்ணையும் வாயையும் சேர்த்துச் சுற்றி அவளே இறுக்கி முடிந்திருந்தாள். அவள் ஊர் தாழ்வுபாட்டில் நாயை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் முகத்தை மூடித்தான் கொண்டுபோவார்கள். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும். இது திரும்பி வரக்கூடாது.

அவள் புருசன் பெனடிக்ற் கடலுக்குப் போய் நாற்பத்தொரு நாள். உடல் கரையேறவில்லை. அன்றிலிருந்து படகு தள்ளுகிற நேரம் பார்த்துக் கறுவல் கரையில் நின்று ஊளையிட்டது.

“நாய் அழ அழ எப்பிடித் தொழிலுக்குப் போறது? ஞாயிறுக்குள்ள எடுங்கோ. இல்லாட்டி மருந்து வைக்கிறதுதான்,” என்று படகுச் சொந்தக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சிய உயிர் இது ஒன்றுதான். உயிலங்குளத்தில் தங்கச்சி டிலோஜினியின் வளவிலாவது உயிரோடு கிடக்கட்டும்.

“கண்ணாடியை இறக்காதேங்கோ அக்கா. பாஞ்சுதெண்டா நான் பொறுப்பில்லை,” என்றான் வாடகைக் காரோட்டி மில்ரன். “ஏசியும் வேலையில்லை. உங்கட ஆளுக்கு முகத்தில சாரம், எனக்கு இடுப்பில. ரெண்டு பேருக்கும் ஒரே புழுக்கம்தான்.”

எடித் சிரித்துவிட்டாள். நாற்பத்தொரு நாளில் முதல் தடவை.

மன்னார்ப் பட்டினத்தில் ரயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் கார் கண்ணாடி ஏற்றியபடியே அரை மணித்தியாலம் வெயிலில் நின்றது. பெற்றோல் மணம், கொதித்த ரெக்சின் மணம், நாய் மயிரின் மணம் எல்லாவற்றுக்கும் அடியில், கடலிலிருந்து இழுத்துப் போட்ட ஈரக் கயிற்றின் மணமும் ஒன்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

கார் பாலத்தில் ஏறியதும் கறுவலின் வால் சீற்றில் அடிக்கத் தொடங்கியது. டப், டப், டப். பெனடிக்ற்றின் படகு கரை தட்டும்போது அடிக்கிற அதே அடி.

“வால் ஆட்டுது தம்பி.”

“ஓம் அக்கா, கார்ப் பயணம் பிடிச்சிட்டுது போல.”

சாரத்தில் அவருடைய மணம் இருக்கும், அதுதான் சந்தோசம் என்று நினைத்தாள்.

அப்போது, மற்றக் கதவோரம் கறுவல் விட்டிருந்த அந்த இடத்தில் சீற் பதிந்தது. களைத்து வந்த ஆள் மெதுவாக இருப்பதுபோல. பள்ளத்தில் நீர் ஊறியது. அவள் விரலால் தொட்டாள். குளிர். நாக்கில் வைத்தாள். உப்பு.

“தம்பி, நிப்பாட்டுங்கோ.”

“பாலத்தில ஏலாது அக்கா. அந்தப் பக்கம் போய் நிப்பாட்டுறன்.”

டப். டப்.

டப்.

பிறகு இல்லை.

தொடையோடு கிடந்த உடம்பு உலைப்பானைபோல் சுட்டது. முடிச்சைப் பற்களால் இழுத்தாள். நுரையில் ஊறி இறுகிக் கிடந்தது. அவிழ்ந்தபோது நாக்கு நீலம். நாய்க்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை ஆற்றும். வெயிலில் கிடக்கும் நாய்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை. வால் அடித்தது சந்தோசத்தில் இல்லை.

ஒருவரும் மருந்து வைக்கவில்லை. அவள் கைதான்.

மில்ரன் காரை ஓரம் கட்டி வந்து கதவைத் திறந்தான். “ஐயோ அக்கா,” என்றான்.

வெளியே காற்று அசையவில்லை. கறுவலின் நெஞ்சும் அசையவில்லை.

பிடரியில் மயிர் படிந்தது. ஓர் உள்ளங்கை அகலம். முதுகு வழியே வால்வரை படிந்துகொண்டே போனது. போன தடமெல்லாம் ஈரம். மயிர் மெல்ல நிமிர்ந்தது. மறுபடி பிடரியிலிருந்து படிந்தது.

எடித்தின் இரண்டு கையும் அவளுடைய வாயைப் பொத்தியிருந்தன.